ஜிராய்யா: நருட்டோவின் குருவை உருவாக்கியவர்கள்

பாமன்கடையில் என்னிடம் கணிதம் படிக்க வரும் சாதாரண தரப் பிள்ளைகளின் கொப்பிகளில் கடைசிப் பக்கத்தைத் திருப்பினால், சுருண்ட இலை ஒன்றின் சின்னம் கீறப்பட்டிருக்கும். கொனோஹா என்ற கற்பனைக் கிராமத்தின் சின்னம் அது. "சேர், நீங்கள் நருட்டோ பார்க்கேல்லையா?" என்று கேட்டுக் கேட்டே என்னையும் பார்க்க வைத்துவிட்டார்கள். பார்த்து முடித்தபின் என் மனதில் நின்றவர் நருட்டோவின் குரு ஜிராய்யா. பிள்ளைகளுக்கு அவர் சிரிப்பு மூட்டும் கிழவர், பெரிய பலசாலி. இரண்டும் உண்மைதான். ஆனால் அந்தப் பலம், அவர் நேசித்தவர்களைக் காப்பாற்ற ஒருமுறைகூடப் போதுமானதாக இருக்கவில்லை. முடிவு தெரியாமல் பார்க்க விரும்புபவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது.

மசாஷி கிஷிமோட்டோவின் 'நருட்டோ' சித்திரக்கதை 1999 முதல் 2014 வரை ஜப்பானின் ஷோனென் ஜம்ப் வார இதழில் 700 அத்தியாயங்களாக வெளிவந்தது. அனிமே வடிவம் 2002 இல் தொடங்கி 2017 இல் முடிந்தது. பெற்றோர் இல்லாத, ஊரே ஒதுக்கிவைத்த ஒரு நிஞ்ஜாச் சிறுவன் தன் கிராமத்தின் தலைவனாவதே கதை.

ஜிராய்யா என்ற பெயர் கிஷிமோட்டோவின் கண்டுபிடிப்பு அல்ல. 1839 முதல் 1868 வரை பல எழுத்தாளர்களால் தொடர்கதையாக எழுதப்பட்ட பழைய ஜப்பானியக் கதை ஒன்றின் நாயகன் அவன். கபுக்கி நாடகமாகவும் அக்கதை மேடையேறியது. அதில் ஜிராய்யாவுக்குத் தேரை மந்திரம் தெரியும். அவன் மனைவி சுனாடேக்கு நத்தை இனத்து ஊரியின் மந்திரம். எதிரி ஒரோச்சிமாருவுக்குப் பாம்பு மந்திரம். தேரை ஊரியை வெல்லும், ஊரி பாம்பை வெல்லும், பாம்பு தேரையை வெல்லும் என்பது அவர்களுடைய பழைய நம்பிக்கை. கிஷிமோட்டோ இந்த மூவரையும் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்களாக மாற்றினார். மனைவியாக இருந்தவள் கடைசிவரை கைகூடாத காதலாகிறாள். எதிரியாக இருந்தவன் இளமைத் தோழனாகிறான். மூலக்கதையில் சண்டையாக இருந்தது இங்கே பிரிவாகிவிடுகிறது.

ஆசிரியர், கொனோஹாவின் மூன்றாவது தலைவர் ஹிருசென். வகுப்பில் ஒரோச்சிமாரு மேதை, ஜிராய்யா மக்கு. பிற்காலத்தில் ஒரோச்சிமாரு ஊரை விட்டு ஓடியபோது ஜிராய்யா பின்னால் போய்த் தடுக்கப் பார்த்தார், முடியவில்லை. அதே ஒரோச்சிமாரு ஒருநாள் திரும்பி வந்து, மூவருக்கும் பாடம் சொன்ன ஆசிரியரையே கொல்கிறான்.

கதையின் மிகக் கனமான உறவு இதற்கு முன்பே, இளம் வயதிலேயே அமைந்துவிடுகிறது. பெரிய நாடுகளுக்கு நடுவில் அகப்பட்ட சிறிய மழைநாடு மற்றவர்களின் போருக்குக் களமாகிறது. அங்கே மூன்று அநாதைக் குழந்தைகள் ஜிராய்யாவின் குழுவிடம் சாப்பாடு கேட்டு வருகிறார்கள்: யாஹிகோ, கோனான், நாகாட்டோ. கொடுத்த பிஸ்கட்டின் கடதாசியில் கோனான் ஒரு பூ மடித்து நன்றியாகத் தருகிறாள். இவர்களைக் கொன்றுவிடுவதே இரக்கம் என்கிறான் ஒரோச்சிமாரு. ஜிராய்யா மறுத்து, நண்பர்களை அனுப்பிவிட்டு அங்கேயே தங்குகிறார். மூன்று வருடங்கள் கற்றுக்கொடுக்கிறார்.

நாகாட்டோவின் தாயையும் தகப்பனையும் தவறுதலாகக் கொன்றவர்கள் கொனோஹாவின் வீரர்கள். அதாவது, குருவின் சொந்த ஊரவர்கள். அந்த ஊரவர் ஒருவரின் கையால்தான் அவன் சாப்பிடுகிறான், வித்தை படிக்கிறான். நண்பனைக் காப்பாற்றப்போய் முதன்முதலாக ஒருவனைக் கொன்றுவிட்டு அவன் நடுங்கும்போது, நீ செய்தது பிழையில்லை, நண்பனைக் காத்தாய் என்று அவனைத் தேற்றுபவரும் ஜிராய்யாதான். என்னிடம் படிப்பவர்கள் பெரும்பாலும் போர் முடியும் தறுவாயிலோ அதன் பின்னரோ பிறந்தவர்கள். மழைநாட்டுக் காட்சிகள் மெதுவாக நகர்கின்றன என்று வேகமாக ஓட்டிவிடுவார்கள். நானோ அந்த இடங்களில்தான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

மூன்று வருடம் முடிய, இனித் தங்களைத் தாங்களே காத்துக்கொள்வார்கள் என்று ஜிராய்யா புறப்பட்டுவிடுகிறார். என் கணக்கில் அவருடைய பெரிய பிழை இதுதான். அடிக்கவும் தடுக்கவும் சொல்லிக்கொடுத்தார். ஏமாற்றப்பட்டால், இழந்தால் என்ன செய்வது என்பதைச் சொல்லிக்கொடுக்க அவர் அங்கே இல்லை. சமாதானம் பேச அழைத்த இடத்தில் பொறி வைக்கப்படுகிறது. அந்தச் சதியில் கொனோஹாவின் டான்சோவுக்கும் பங்கு உண்டு. நண்பர்களைக் காக்க யாஹிகோ உயிரை விடுகிறான். நாகாட்டோ, பெயின் என்ற பெயரில், உலகத்துக்கு வலியைக் கற்பிக்கக் கிளம்புகிறான். மூவரும் இறந்துவிட்டதாகவே ஜிராய்யா நெடுங்காலம் நம்பியிருந்தார்.

இடையில் மினாட்டோ என்ற மாணவன் வருகிறான். மெச்சத்தக்க சீடன், நான்காவது தலைவன். ஜிராய்யா எழுதிய முதல் நாவலின் நாயகன் பெயர் நருட்டோ. ராமென் நூடுல்ஸ் சாப்பிடும்போது சும்மா தோன்றிய பெயர் அது என்று அவர் சொல்லியும், மினாட்டோவும் மனைவியும் பிறக்கப்போகும் பிள்ளைக்கு அதையே வைக்கிறார்கள். பிள்ளை பிறந்த இரவே இருவரும் இறக்கிறார்கள். ஞானத்தகப்பன் முறையான ஜிராய்யாவோ பிள்ளையைத் தூக்கி வளர்க்கவில்லை. 12 வயதில்தான் நருட்டோ அவரைச் சந்திக்கிறான், அதுவும் தற்செயலாக, பெண்கள் குளிக்கும் இடத்தை அவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கையில். இந்தப் பகிடியை ஆசிரியர் கதை முழுக்க இழுக்கிறார். வீட்டாருடன் இருந்து பார்க்க முடியாது. குருவின் மதிப்பையும் அது குறைக்கிறது என்பதே என் எண்ணம்.

அவர்களுக்கிடையே எனக்குப் பிடித்த இடம் ஆஸ்பத்திரிக் காட்சி. நண்பன் சாசுகே ஒரோச்சிமாருவைத் தேடிப் போய்விட்டான். தடுக்கப்போன நருட்டோ கட்டுப் போட்டுக் கிடக்கிறான். அவனை மறந்துவிடு, இல்லாவிட்டால் நீ முட்டாள் என்கிறார் ஜிராய்யா. தன் அனுபவத்தில் இருந்துதான் பேசுகிறார். அவரும் ஒருகாலத்தில் இப்படி ஒருவன் பின்னால் ஓடியவர். அப்படியென்றால் முட்டாளாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்கிறான் பையன். அதன் பின்னர் குரு அவனைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக இரண்டரை வருடம் பயிற்சி கொடுக்கிறார்.

பெயினைத் தேடித் தனியே மழைநாட்டுக்குப் போகுமுன் சுனாடேயிடம் விடைபெறுகிறார். அவள் பந்தயத்தில் எப்போதும் தோற்பவள். ஆகவே நான் சாவேன் என்று பந்தயம் கட்டு என்கிறார் விளையாட்டாக. அந்தப் பந்தயத்தில் அவள் வென்றுவிடுகிறாள். எதிரி தன் பழைய மாணவன் என்று கண்டுகொண்டபின் ஜிராய்யா அவன் கையாலேயே இறக்கிறார், கடைசி மூச்சில் தேரைக் கிழவரின் முதுகில் ஒரு குறிப்பை எழுதிவிட்டு.

பின்பு நருட்டோவும் நாகாட்டோவும் நேருக்கு நேர் இருக்கிறார்கள். ஒரே குருவின் இரண்டு மாணவர்கள். ஒருவன் கொலைகாரன், மற்றவன் பழிவாங்க உரிமை உள்ளவன். வெறுப்பை நிறுத்த வழி என்ன என்று ஜிராய்யாவுக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்தக் கேள்வியை அவர் மாணவனிடமே விட்டுச் சென்றிருந்தார். மன்னிக்க முடியவில்லை, ஆனாலும் கொல்லமாட்டேன் என்கிறான் நருட்டோ. குருவின் முதல் நாவல் நாகாட்டோவின் வார்த்தைகளால் தூண்டப்பட்டு எழுதப்பட்டது என்பதும் அப்போதுதான் வெளியாகிறது. நருட்டோ என்ற பெயர் வந்த கதைக்கே வித்திட்டவன் நாகாட்டோ. கொனோஹாவில் தான் கொன்றவர்களை உயிர்ப்பித்துவிட்டு அவன் இறக்கிறான். அவன் உயிர்ப்பித்தவர்களில் ஜிராய்யா இல்லை.

கடைசிப் போரில் இறந்தவர்களை மந்திரத்தால் எழுப்பி வருகிறான் கபுட்டோ. நாகாட்டோகூட வருகிறான். ஜிராய்யாவின் உடல் எடுக்க முடியாத ஆழ்கடலில் கிடக்கிறது என்று கபுட்டோவே சொல்லிவிடுகிறான்.