மறைக்கல்வி: குடும்பமாகக் கற்போம்

மறைக்கல்வி என்பது திருச்சபையின் விசுவாசத்தை முறையாகக் கற்பதாகும். நம் முன்னோர் இதனை ‘ஞானோபதேசம்’ என்றனர்.

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் மணியடித்துச் சிறுவரைக் கூட்டி, செபங்களைத் தமிழில் கற்பித்தார். கற்றதைப் பெற்றோருக்கும் அயலாருக்கும் சொல்லிக்கொடுக்கப் பணித்தார். 1578-இல் ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் தமிழாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் மறைக்கல்வி நூல் கொல்லத்தில் அச்சானது.

1992-இல் வெளிவந்த ‘கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி’ நான்கு பகுதிகள் கொண்டது: விசுவாச அறிக்கை, திருவருட்சாதனங்கள், கிறிஸ்துவில் வாழ்வு, செபம். இவை சிறுவருக்கு மட்டும் உரியவை அல்ல.

ஆயினும் புதுநன்மை, உறுதிபூசுதல் பெற்றதும் பலர் கற்பதை நிறுத்திவிடுகின்றனர். வளர்ந்தவர்களின் கேள்விகளுக்குச் சிறுவயதில் மனப்பாடம் செய்த விடைகள் போதுமா?

பெற்றோரே, ஞாயிறு மறைக்கல்வி முடிந்து வரும் பிள்ளையிடம் இன்று கற்றதைக் கேளுங்கள். விடை தெரியாவிட்டால், சேர்ந்து தேடுங்கள்.