தூரிகையும் கமராவும்: எம்.எஃப். ஹுஸைன்

போன தவணையில், பத்தாந்தர மாணவனொருவன் தமிழ்க் கொப்பியின் பின்பக்கத்தில் திருகோணமலைத் துறைமுகத்தைக் கீறியிருந்தான். தோணிகள், தூரத்தில் ஒரு கப்பல், கரையில் வலை பொத்தும் அவனது வாப்பா. வாப்பாவின் முகம் மட்டும் வெறுமையாக இருந்தது. ஏனென்று கேட்டேன். "முகம் கீறக் கூடாதாம் சேர்" என்றான்.

மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் மௌலவியல்ல, தமிழ் படிப்பிப்பவன். ஆனால் அந்த வெற்று முகம் மக்பூல் ஃபிதா ஹுஸைனை நினைவூட்டியது. அவரைப் பற்றி நம்மவரிடம் கேட்டால் சர்ச்சைகளைத்தான் சொல்வார்கள். அவருடைய வரலாறு அதைவிடப் பெரியது.

ஹுஸைன் 1915இல் மகாராஷ்டிரத்தின் பண்டரிபுரத்தில், சுலைமானி போரா குடும்பமொன்றில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தார். தாயின் முகம் அவருக்கு நினைவில்லை. பார்க்க ஒரு புகைப்படமும் இல்லை. பிற்காலத்தில் அவர் தீட்டிய மதர் தெரேசா ஓவியங்களில் நீலக்கரைச் சேலை இருக்கும், அணைக்கும் கைகள் இருக்கும், முகம் இருக்காது.

அரபு எழுத்தணியை மத்ரஸாவில் பழகிய அந்தக் கை, 1930களில் பம்பாயில் சினிமாப் பதாகை வரைந்தது. சதுர அடிக் கணக்கில் கூலி. ஆகவே, ஓவியர் பிறகு சினிமாவுக்குப் போனார் என்று சொல்வது முழுச் சரியல்ல. அவருக்குச் சோறு போட்டதே சினிமாதான். 1947இல் எஃப்.என். சூசா முதலியோரின் முற்போக்கு ஓவியர் குழுவில் சேர்ந்தபின் பெயர் பரவியது.

1967இல் இந்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்காக, 'ஓர் ஓவியனின் கண்களூடாக' என்ற பொருள்படும் குறும்படத்தை எடுத்தார். இடம் ராஜஸ்தான். கதையில்லை, வசனமில்லை. குடை, லாந்தர், சப்பாத்து என்று அவரது கன்வஸில் வரும் பொருள்களே திரையிலும் வந்தன. பெர்லின் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடி விருது அதற்குக் கிடைத்தது.

முழுநீளப் படத்துக்கு வரும்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. 2000இல் மாதுரி தீட்சித் நடித்த 'கஜ காமினி', 2004இல் தபு நடித்த 'மீனாக்ஷி'. இரண்டும் வசூலில் தோற்றன. ஆனால் காட்சிக்குக் காட்சி நிறம் பேசும்.

'மீனாக்ஷி'க்கு இசை ஏ.ஆர். ரஹ்மான். அதிலொரு பாடலில் சூரா அந்நூரின் 35ஆம் வசனத்திலுள்ள தொடரொன்று வந்தது. இறைவசனத்தை ஒரு பெண்ணின் அழகைப் பாடப் பயன்படுத்தலாமா என்று முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன. படம் திரையரங்குகளிலிருந்து மீளப்பெறப்பட்டது. அந்த மனவருத்தத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. என்றாலும் இதையும் எழுதத்தான் வேண்டும். 1996 முதல் இந்துத்துவ அமைப்புகள் அவரது தெய்வ ஓவியங்களுக்காக வழக்கும் வன்முறையுமாகத் துரத்தியதை நாம் அநீதி என்கிறோம். அநீதிதான். 2008இல் டில்லி உயர் நீதிமன்றம் அவருக்கெதிரான வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. ஆனால் 2006இலேயே நாட்டைவிட்டுப் போனவர் திரும்பவில்லை. 2010இல் கத்தார் குடியுரிமை பெற்றார். 2011 ஜூன் 9இல் லண்டனில் காலமானார். அவரைத் துரத்தியவர்களின் கணக்கை எழுதும்போது, அவரோடு இருந்து பேசாமல் எதிர்ப்போடு நிறுத்திக்கொண்ட நம்முடைய கணக்கையும் எழுதுவதுதானே நேர்மை?

மாணவனிடம் இந்தக் கதையைச் சொல்லி, மதர் தெரேசா ஓவியத்தைக் கைபேசியில் காட்டினேன். கனநேரம் பார்த்தான். "அவருக்கு உம்மாட முகம் தெரியா. எனக்கு வாப்பாட முகம் நல்லாத் தெரியும் சேர்" என்றான்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. இவ்விதழின் வாசகர்களில் உலமாக்களும் இருக்கிறீர்கள், கலைஞர்களும் இருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைக்காகவேனும் ஒரு பாயில் இருந்து பேசினால் என்ன?