திங்கள், புதன், சனி: ஒரு கடலும் இரு கரைகளும்

சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரியில் நடந்த பேச்சுப் போட்டி ஒன்றுக்கு நடுவராக அமர்ந்திருந்தோம். 'அக்கரைத் தமிழரும் நாமும்' என்பது தலைப்பு. பேசிய மாணவர் அனைவரும் 'தொப்புள்கொடி உறவு' என்னும் தொடரைத் தவறாமல் எடுத்தாண்டனர். மண்டபம் முகாமிலிருந்து வந்து படித்த மாணவி ஒருத்தி மட்டும் பெயர் கொடுத்திருந்தும் மேடையேறவில்லை. காரணம் வினவினோம். "ஐயா, எங்கட அம்மப்பா பேசாலையில கடற்றொழில் செய்தவர். அவற்ற வலையை அறுத்துக்கொண்டு போனது இந்தப் பக்கத்து றோலர்தான். பிறகு தோணியேறி வந்த எங்களுக்குச் சோறு போட்டதும் இந்தப் பக்கத்து ஆக்கள்தான். ரெண்டையும் சொல்லவேணும். அஞ்சு நிமிசத்தில எப்படிச் சொல்லுறது?" என்றாள்.

அவள் றோலர் என்றது நாம் விசைப்படகு என்று வழங்கும் இழுவைப் படகை. அவளால் ஐந்து நிமிடத்தில் சொல்ல இயலாததை இக்கட்டுரையில் இயன்ற அளவு சொல்லிப் பார்க்கலாம் என்று கருதுகிறோம்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமே உடையது. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் தம் நாணயங்களில் 'சேது' என்று பொறித்தனர். இக்கரையில் இராமநாதபுரத்து மன்னர்கள் சேதுபதிகள் எனப் பெயர் கொண்டனர். ஒரே சொல்லை இரு கரை அரசர்களும் தம் பெருமைக்குரியதாகக் கொண்டிருந்தனர் என்பது இவ்வுறவின் இயல்பைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது. உரிமையும் போட்டியும் அதில் கலந்தே இருந்தன.

இலக்கிய வரலாற்றிலும் இக்கலப்பைக் காணலாம். ஆறுமுக நாவலருக்கு 'நாவலர்' என்ற பட்டத்தை 1849இல் வழங்கியது திருவாவடுதுறை ஆதீனம். 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருக்குறள் பரிமேலழகர் உரை, திருக்கோவையார் உரை முதலியவற்றை அவர் பதிப்பிக்கத் துணைநின்றவர் இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர். அவருடைய மைந்தர் பாண்டித்துரைத் தேவரே 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். சேது நாட்டுப் பொருளும் யாழ்ப்பாணத்துப் புலமையும் கூடி அச்சேற்றிய நூல்களை நாம் இன்றும் வகுப்பறையில் பயன்கொள்கிறோம். அதே நாவலர் வள்ளலாரின் பாடல்களை அருட்பா எனல் தகாது என்று எழுந்தபோது மூண்ட பூசலில், சமயக் கருத்து வேறுபாட்டுடன் கரை வேறுபாடும் சேர்ந்துகொண்டது. இலக்கணத் தூய்மை தம்மிடமே உள்ளதென்ற எண்ணம் அக்கரைப் புலவரிடமும், தமிழின் தாயகம் தம்முடையதே என்ற எண்ணம் இக்கரைப் புலவரிடமும் இருந்தன. இரண்டும் இன்றளவும் முற்றாக மறையவில்லை.

*

புலவர்களின் உறவு ஒருபுறமிருக்க, எளிய மக்களின் உறவை இருப்புப்பாதை மாற்றியது. பாம்பன் பாலம் 1914ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் அடைந்து, மீண்டும் இரயிலில் கொழும்பு செல்லலாம். இதனை மக்கள் 'போட் மெயில்' என்றனர். சென்னைக் கல்லூரிகளில் படித்த யாழ்ப்பாணத்து இளைஞரும், கீழக்கரை வணிகரும், இராமேசுவரம் வந்த அடியாரும் அவ்வழியே சென்று வந்தனர்.

அதே வழியில் மற்றொரு கூட்டமும் சென்றது. கங்காணிகள் திரட்டிய தேயிலைத் தோட்டக் கூலிகள் மண்டபத்தில் இறக்கப்பட்டு, இலங்கை அரசு நடத்திய முகாமில் நோய்ச் சோதனைக்காகச் சில நாள் நிறுத்தப்பட்ட பிறகே கப்பலேற்றப்பட்டனர். கடல் ஒன்றே ஆயினும் பயணம் ஒன்றாக இல்லை.

அக்கரையில் அவர்களுக்கு வழங்கிய பெயர்களை நோக்குவோம். தோட்டக்காட்டான், கள்ளத்தோணி, வடக்கத்தியான் என்பன அவை. இவற்றைச் சிங்களவர் மட்டும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழரும் சொன்னார்கள். வடக்கத்தியான் என்ற சொல்லை வட இந்தியரைக் குறிக்க நாம் இங்கு எள்ளலாக ஆள்கிறோம். பாக் நீரிணையைக் கடந்தால் அச்சொல் நம்மையே குறிக்கும். ஏளனச் சொல்லுக்கும் ஒரு திசை உண்டு என்பதை மாணவர்க்கு விளக்க இதனினும் நல்ல சான்று நமக்குக் கிடைத்ததில்லை.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றோர் ஆயினர். இவ்வினாவில் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். யாழ்ப்பாணத்தார் அனைவரும் பாராமுகமாக இருந்தனர் என்பதும் பிழை, அனைவரும் அரவணைத்தனர் என்பதும் பிழை.

பின்னர் 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று எண்ணிப் பிரித்தார்கள். இரண்டு மாதங்கூட ஆகவில்லை. டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் இரயில் கடலுள் அமிழ்ந்தது. கப்பல் இராமேசுவரத்துக்கு மாறியது. அதில் வந்திறங்கியவர்களை நாம் என்ன பெயரிட்டு அழைத்தோம்? 'சிலோன்காரர்' என்றோம். அங்கே இந்தியராக இருந்தோர் இங்கே சிலோன்காரர் ஆயினர். நீலகிரியில் அவர்தம் பேரப்பிள்ளைகளையும் அப்பெயரால் சுட்டுவோர் உளர்.

*

இவ்வளவு கசப்புக்கிடையிலும் அன்றாட வாழ்வில் இனிமை இருந்தது என்பதை மறத்தலாகாது. நம் தலைமுறைக்கு நல்ல தமிழ் உச்சரிப்பைக் கற்பித்த ஆசிரியர்களுள் இலங்கை வானொலியும் ஒன்று. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் இக்கரையின் தேநீர்க் கடைகளில் ஒலித்தன. அவர்களை அயல்நாட்டினர் என்று எவரும் எண்ணியதில்லை.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவும் அத்தகையதே. 285 ஏக்கர் பரப்புள்ள, குடிநீரற்ற அத்தீவில் ஆண்டுக்கொருமுறை இரு கரை மீனவரும் கூடினர். இங்கிருந்து சேலையும் அங்கிருந்து சவர்க்காரமும் தேங்காய் எண்ணெயும் கைமாறின. மணப்பேச்சும் நடந்தது. கடலில் யார் வலை எங்கே கிடக்கிறது என்பதையும் அங்கேயே பேசித் தீர்த்தார்கள் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

1974இலும் 1976இலும் கடல் எல்லை வகுக்கப்பட்டது. கச்சத்தீவு இலங்கையின் பக்கம் சென்றது. 1980களில் போர் மூண்டபின் கப்பலும் நின்றது. திருவிழாவும் பல்லாண்டு நின்றது. சந்திக்கும் இடங்கள் ஒவ்வொன்றாக இல்லாமற் போயின. சந்திப்பு அற்றபின், இரு கரையாரும் ஒருவரையொருவர் செய்தித்தாள் வழியாகவும் மேடைப்பேச்சு வழியாகவும் மட்டுமே அறியலாயினர்.

1983 முதல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் அகதிகளாக இக்கரை சேர்ந்தனர். கூலிகளை நிறுத்திவைத்த அதே மண்டபம், இப்போது எதிர்த்திசையில் வந்தோரை ஏற்றது. தொடக்கத்தில் மக்கள் அவர்களை அள்ளியணைத்தனர் என்பது மிகையன்று. 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபின் பார்வை மாறிற்று, கண்காணிப்பு இறுகிற்று. 'அகதி' என்னும் சொல் வீட்டு வாடகைக்கும் வேலைக்கும் தடையாயிற்று. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. சொல்லை மாற்றியது நன்றே. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்க்குங்கூடக் குடியுரிமை எளிதில் வாய்ப்பதில்லை என்பது எஞ்சி நிற்கிறது.

*

இனி அம்மாணவி குறிப்பிட்ட வலைக்கு வருவோம்.

1960களின் பிற்பகுதியில் இறால் ஏற்றுமதியை முன்னிட்டு இக்கரையில் இழுவைப் படகுகள் பெருகின. இழுவைமடி கடலின் தரையை உரசிச் செல்வது. மீனுடன் குஞ்சும் பாசியும் சேர்ந்தே வரும். இக்கரை நாட்டுப்படகு மீனவரே முதலில் இதனால் துயருற்றனர். அவர்களுக்கும் விசைப்படகினருக்கும் நிகழ்ந்த மோதல்களின் விளைவாகவே இராமேசுவரத்தில் நாள் பிரிக்கப்பட்டது. திங்கள், புதன், சனி விசைப்படகுகளுக்கு. ஏனைய நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு.

போர்க்காலத்தில் அக்கரை மீனவர் கடலிறங்கத் தடை இருந்தது. அக்கடல் ஆளற்றுக் கிடந்தது. நம் கரையோரம் மீன் குறைந்ததால் நம் படகுகள் எல்லை கடந்து அங்கே சென்றன. அவ்வாறு சென்றோரில் இலங்கைக் கடற்படையின் குண்டுக்கு இரையானோர் பலர். அவர்தம் குடும்பங்களின் துயரம் இம்மாவட்டத்தின் ஒவ்வொரு மீனவர் குப்பத்திலும் உண்டு. அதனைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று.

2009இல் போர் முடிந்தது. அகதியாயிருந்தோரும் இடம்பெயர்ந்தோரும் ஊர் திரும்பி, கடன்பட்டுச் சிறு கண்ணாடியிழைப் படகும் செவுள்வலையும் வாங்கிக் கடலில் இறங்கினர். இரவில் விரித்த வலையின்மேல் இழுவைப் படகு சென்றால் விடியலில் மிஞ்சுவது நூல்தான். ஒரு வலை போனால் ஒரு குடும்பத்தின் ஓராண்டுக் கடன் கூடும். ஆகவே திங்கள், புதன், சனி இரவுகளில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் பலர் தொழிலுக்குச் செல்வதையே நிறுத்திக்கொண்டனர். இராமேசுவரத்து மீனவர் தமக்குள் பூசலின்றி வாழ வகுத்துக்கொண்ட நாட்கணக்கு, முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் மற்றொரு தமிழ்க் குடும்பத்தின் பட்டினி நாட்களைக் குறித்துவிட்டது. அக்கணக்கு வகுத்தபோது அவர்களை யாரும் கேட்கவில்லை.

2011 பிப்ரவரியில் பருத்தித்துறை மீனவர் தாமே கடலில் இறங்கி இக்கரை மீனவர் நூற்றுக்கு மேற்பட்டோரைச் சிறைப்பிடித்தனர். 2017 ஜூலையில் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. நம்மில் பலர் அதனைக் கொழும்பின் சூழ்ச்சி என்றே எண்ணினோம். அத்தடையை முதலில் தனிநபர் மசோதாவாகக் கொணர்ந்தவரோ யாழ்ப்பாண மாவட்ட உறுப்பினர் சுமந்திரன்.

2021 ஜனவரியில் நெடுந்தீவுக்கு அருகே இலங்கைக் கடற்படைக் கலத்துடன் மோதிய படகொன்றில் நால்வர் மாண்டனர். கோட்டைப்பட்டினத்திலிருந்து சென்ற படகு அது. மாண்டவருள் ஒருவர் மண்டபம் முகாமைச் சேர்ந்த இலங்கைத் தமிழர். தப்பிவந்த நாட்டின் கடலுக்கு, அடைக்கலம் தந்த நாட்டின் படகில் கூலியாகச் சென்று, தாய்நாட்டுக் கடற்படையின் அருகே அவர் உயிர் பிரிந்தது. அவரை எந்தக் கரையார் என்று எழுதுவது?

*

கடலால் பிரிந்து, பழம்பகையால் இறுகிய அண்டை மக்கள் உலகில் வேறெங்கும் இல்லையா என்றால், ஜப்பானியரும் கொரியரும் நினைவுக்கு வருகின்றனர். அங்கே 1910 முதல் 1945 வரை ஒருவர் ஆண்டவர், மற்றவர் அடிமைப்பட்டவர். அவ்வகையில் நம் நிலை வேறு. ஆயினும் கடலைப் பொறுத்தவரை ஒப்புமை வியப்பளிக்கிறது. 1952இல் தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ கடலில் ஒரு கோடு வரைந்தார். 1965 வரை ஜப்பானியப் படகுகள் முந்நூறுக்கு மேல் பிடிபட்டன. சிறைப்பட்ட மீனவர் ஏறத்தாழ நாலாயிரவர். உயிரிழந்தோரும் உண்டு. நடுவே ஒரு தீவும் இருக்கிறது. கொரியர் அதனைத் தோக்தோ என்பர், ஜப்பானியர் தகேஷிமா என்பர்.

அத்தீவு யாருடையது என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. ஆனால் 1965இல் ஒரு மீன்பிடி உடன்படிக்கையும் 1998இல் மற்றொன்றும் செய்து, தீவு வழக்கை ஒதுக்கிவைத்துவிட்டு, எக்கடலில் எவர் எப்படிப் பிடிப்பது என்பதைத் தனியே பேசினார்கள். ஒருவர்மீது ஒருவர்க்கு மதிப்பு வந்த பின்னர் பேசியவர்கள் அல்லர் அவர்கள். பேசியதால் படகுபிடிப்பு குறைந்தது.

நாமோ கச்சத்தீவைப் பேசுகிறோம், வலையைப் பேசுவதில்லை. கச்சத்தீவு நாளையே நம் கைக்கு வந்தாலும், நெடுந்தீவின் கரையருகே கிடக்கும் செவுள்வலை அங்கேயேதான் கிடக்கும். 2010இல் இரு கரை மீனவரும் நேரில் அமர்ந்து பேசி, ஓராண்டில் எழுபது நாள் என்று ஓர் உடன்பாட்டை எட்டினர். அது நடைமுறைக்கு வரவில்லை. 2014இலும் 2015இலும் மீண்டும் பேசினர். இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்ற 2017இல் தொடங்கிய திட்டம், மூன்றாண்டில் 2,000 படகுகள் என்ற இலக்கில் சிறு பகுதியையே எட்டியது. இழுவைப் படகில் கூலிக்குச் செல்பவனுக்கு மாற்றுத் தொழில் காட்டாமல் அவனைக் குற்றவாளி என்பதும் அறமன்று.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் மீண்டும் ஓடியது. 2024 பிப்ரவரியில், படகோட்டிகளுக்குச் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்து இராமேசுவரத்தார் கச்சத்தீவுத் திருவிழாவைப் புறக்கணித்தனர். அவர்தம் சினம் நியாயமானதே. ஆயினும் எஞ்சியிருந்த ஒரு சந்திப்பிடத்தை அவ்வாண்டு நாமே மூடினோம் என்ற வருத்தமும் நமக்கு உண்டு.

அம்மாணவி படிப்பை முடித்துச் சென்றுவிட்டாள். அடுத்த ஆண்டும் போட்டி நடந்தது. மாணவரிடம், தொப்புள்கொடி என்னும் சொல்லை விலக்க வேண்டியதில்லை, அதைச் சொல்பவர் கிழிந்த வலையைப் பற்றியும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும் என்று விதித்தோம். பெயர் கொடுத்தோர் தொகை பாதியாகக் குறைந்தது. பேசியவர்களுள் தங்கச்சிமடத்து விசைப்படகுத் தொழிலாளி ஒருவரின் மகனும் இருந்தான். அவன் நன்றாகவே பேசினான்.