பால் கொடுக்கும் தாய் தன் மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

தைராய்டு, சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு என ஏதாவது ஒன்றுக்கு ஆண்டுக்கணக்கில் மருந்து சாப்பிட்டு வரும் பெண், குழந்தை பிறந்ததும் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவது நம் குடும்பங்களில் நடக்கிறது. பாலில் இறங்கிப் பிள்ளையைப் பாதித்துவிடுமோ என்ற பயம்தான் காரணம். நேர்மாறாக, மருந்து சாப்பிடுகிறாள் என்பதற்காகவே பாலை நிறுத்தி பவுடர் பாலுக்கு மாறச் சொல்லும் வீடுகளும் உண்டு. பெரும்பாலான நோய்களுக்கு இந்த இரண்டுமே தேவையில்லை.

சூரா அல்பகராவின் 233ஆம் வசனம் இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவதைப் பற்றிப் பேசுவது நமக்குத் தெரியும். பிள்ளையைக் காரணமாக்கித் தாய்க்குத் தீங்கு நேரக் கூடாது என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது. முதல் பகுதியை மருமகளுக்கு எடுத்துச் சொல்லும் நாம் இரண்டாவதை அவ்வளவாக நினைவூட்டுவதில்லை.

தைராய்டு குறைவுக்குச் சாப்பிடும் தைராக்சின், உடலே சுரக்க வேண்டிய ஹார்மோன்தான். பாலில் மிகக் குறைவாகவே சேரும். அதை நிறுத்தினால் தாய்க்குச் சோர்வு வரும், பாலும் குறையலாம். கர்ப்பத்தில் கூட்டிய அளவைப் பிரசவத்துக்குப் பின் குறைக்க வேண்டியிருக்கும் என்பதால், ஆறு வாரத்தில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் இதைச் சாப்பிட்டுவிட்டு, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

சர்க்கரைக்கான இன்சுலினும் மெட்ஃபார்மினும் பாலூட்டலுக்குத் தடையில்லை. ஆனால் பால் கொடுக்கும்போது தாயின் சர்க்கரை அளவு இறங்கும். இன்சுலின் போடுபவருக்கு நள்ளிரவில் பால் கொடுத்தபின் வியர்வை, நடுக்கம் வரலாம். படுக்கையருகே பிஸ்கட்டோ பாலோ இருக்கட்டும். கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கிளறும் பிரசவ லேகியத்தை அன்போடு ஊட்டும் மாமியார்கள், மருமகளுக்குச் சர்க்கரை இருந்தால் அதை டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுப்பது நல்லது.

அருவங்காடு, வெலிங்டன், குன்னூர்ப் பக்கம் மழையும் பனிமூட்டமுமான மாதங்களில் ஆஸ்துமாக்காரர்கள் படும் பாடு ஊரறிந்தது. இன்ஹேலர் மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் இரத்தத்தில் கலப்பது கொஞ்சம், பாலுக்கு வருவது அதைவிடக் கொஞ்சம். தயங்காமல் பயன்படுத்தலாம். நாம் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. நம் மலையின் பெயரையே தாங்கிய தைலத்தைத் தாய் மார்பில் தடவிக்கொண்டு பால் கொடுப்பதும், பிள்ளையின் மூக்கருகே பூசுவதும் கைக்குழந்தைக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கலாம். வாய்க்குள் போனால் அது விஷம். கற்பூரமும் அப்படியே.

எல்லாவற்றிலும் கவனம் தேவைப்படுவது வலிப்பு நோய். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு திரும்பும். கையில் பிள்ளையோடு விழுந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. லெவெடிராசிட்டம், கார்பமாசெபின் போன்றவற்றோடு பொதுவாகப் பாலூட்டலாம். பீனோபார்பிட்டால் சாப்பிடுபவரின் குழந்தை அதிகம் தூங்குகிறதா, சரியாகக் குடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். தூக்கக் கேடும் வலிப்பைத் தூண்டும் என்பதால், இரவில் ஒரு வேளைப் பாலைப் பீய்ச்சி வைத்து, கணவரோ உம்மாவோ கொடுக்கட்டும். பீய்ச்சிய பால் சாதாரண அறையில் நான்கு மணி நேரமும், பிரிட்ஜில் நான்கு நாளும் கெடாது. இந்தத் தாய் தரையில் உட்கார்ந்தோ படுத்தோ பால் கொடுப்பதும், பிள்ளையைத் தனியாகக் குளிப்பாட்டாமல் இருப்பதும் நல்லது.

விதிவிலக்குகளும் உண்டு. புற்றுநோய் மருந்துகள், மூட்டுவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட், தைராய்டுக்கான கதிரியக்க அயோடின் ஆகியவற்றோடு பாலூட்டக் கூடாது. சில பிரஷர் மாத்திரைகளுக்குப் பதில் எனலாப்ரில் போன்ற வேறொன்றை டாக்டர் மாற்றித் தருவார். "மாத்திரை சாப்பிடலாமா?" என்று பொதுவாகக் கேட்காமல், அட்டையையே கொண்டுபோய்க் காட்டி, குழந்தையின் வயதையும் சொல்லிக் கேளுங்கள். மருந்து வாரியாகப் பாலூட்டல் விவரம் தரும் 'லாக்ட்மெட்' என்ற அமெரிக்க அரசுத் தரவுத்தளத்தை டாக்டர்கள் இலவசமாகப் பார்க்க முடியும். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் வீட்டுக்கு வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை தரும்போதும் பால் கொடுப்பதைச் சொல்லிவிடுங்கள்.

குன்னூர் லாலி அரசு மருத்துவமனையோ ஊட்டி மருத்துவக் கல்லூரியோ நமக்குப் பக்கம்தான். ஆனால் சிறப்பு மருத்துவரைப் பார்க்கக் கோவைக்கு இறங்குபவர்கள், மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் பாதையில் மண் சரிந்து நின்றுவிடுவதை எண்ணி, ஒரு மாத மருந்தைக் கையிருப்பில் வைத்துக்கொள்வது அவசியம்.

ரமளானில், நோயோடு பாலூட்டும் தாய்க்கு நோன்பை விடச் சலுகை உண்டு. பின்னர் களாச் செய்வது, பித்யா பற்றி உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பு வைப்பதென்றால் இன்சுலின் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.

பாலூட்டவே முடியாத நிலை வந்தால் பவுடர் பால் குற்றமல்ல. வேறொரு பெண் பாலூட்டுவதையும் அதே வசனம் அனுமதிக்கிறது. ஆனால் பால்குடி உறவு உண்டாகிவிடும். ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து முறை குடித்தாலும், ஹனஃபியில் ஒரு முறை குடித்தாலும் பால்குடிச் சகோதரர்களுக்கிடையே திருமணம் கூடாது. தாய்ப்பால் வங்கிகள் கூடாதென்று ஜித்தாவின் ஃபிக்ஹ் அகாடமி 1985இல் முடிவெடுத்ததற்கும் யாருடைய பால் என்று தெரியாமல் போவதே காரணம். யார் பால் கொடுத்தார், எத்தனை முறை என்பதை இரு வீட்டாரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.