தொலைவில் நிறுத்தப்பட்டோரும் தொலைநிலைக் கல்வியும்

அண்ணல் அம்பேத்கர் சிறுவராகச் சாத்தாராவில் பயின்றபோது, வகுப்பறையில் தனியே, தாமே வீட்டிலிருந்து கொண்டு சென்ற சாக்குத் துண்டின்மீது அமர்ந்தார். பள்ளிக்குள் சென்ற பின்னும் நம்மவர் தொலைவிலேயே நிறுத்தப்பட்டனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. நம் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், தொலைவிலிருந்தே பயிலும் கல்வி வளர்ந்த வரலாற்றை இளைஞர்கள் அறிதல் நலம்.

1962-இல் டில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழகத்தில் 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகமும், 1979-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 1981-இல் சென்னைப் பல்கலைக்கழகமும் அவ்வழியை மேற்கொண்டன. சேலம், நாமக்கல் சமவெளியில் விசைத்தறியிலும், ஜவ்வரிசி ஆலையிலும், லாரிப் பட்டறையிலும் உழைப்போர்க்கு இஃது பெருந்துணை ஆயிற்று. பகற்கூலியை இழவாமல் இரவில் பயிலலாம். தபாலில் வந்த பாடம் எவருடைய சாதியையும் வினவவில்லை.

1982-இல் ஐதராபாத்தில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1991-இல் அதற்கு அம்பேத்கரின் பெயரே சூட்டப்பட்டது. அன்று சாக்கில் அமர்ந்த சிறுவரின் பெயரால் இன்று பல்லாயிரவர் பட்டம் பெறுகின்றனர். 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அமைந்தது.

பின்னர்த் தபாலின் இடத்தை இணையம் பெற்றது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டமும், 2017-இல் நடுவண் அரசு தொடங்கிய ஸ்வயம் தளமும் பாடங்களைக் கட்டணமின்றி வழங்குகின்றன. தேர்வெழுதிச் சான்றிதழ் பெறவே கட்டணம் உண்டு. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் மாணவர்க்கு வேலைத்திறன் பயிற்சி தருகின்றது. வகுப்பில் ஒருமுறை கேட்டுப் புரியாததை இணையத்தில் பன்முறை கேட்கலாம். பணியில் இருப்போரும் புதிய பொறியையோ கணினிக் கணக்கையோ ஓய்வு நேரத்தில் கற்று உயரலாம்.

ஆயினும் 2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது நாம் கண்டது வேறு. ஒரு வீட்டிற்கு ஒரே கைப்பேசி. அதுவும் காலையில் தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிடும். 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி ஓரளவு கைகொடுத்தது. எனினும் கருவி இல்லாத பிள்ளைகள் மீண்டும் தொலைவில் நின்றனர். பிள்ளைகள் சிலர் பள்ளி திறந்த பின்னும் திரும்பவில்லை; வேலைக்குச் சென்றுவிட்டனர்.

ஆதலின் கதவு திறந்திருப்பது மட்டும் போதாது. நம் கழகக் கட்டடத்தில் கணினிகளும் இணைய இணைப்பும் மாலைதோறும் பிள்ளைகட்கும் தொழிலாளர்க்கும் கிடைக்க வேண்டும். பட்டம் பெற்ற இளைஞர் முறைவைத்து ஒருவர் உடனிருந்து, ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் விளக்க வேண்டும். இளைஞர்களே! இப்பணியை இவ்வாண்டே தொடங்குவோம். நம் பிள்ளைகளுள் ஒருவரேனும் இனித் தொலைவில் நிற்றல் ஆகாது.