77 நிமிட மௌனம்



2009 ஒக்டோபர் 21. அமெரிக்காவின் சான் டியாகோவிலிருந்து 144 பயணிகளுடன் மினியாபொலிஸ் நோக்கிப் பறந்துகொண்டிருந்தது நோர்த்வெஸ்ட் நிறுவனத்தின் 188ஆம் இலக்க விமானம். உயரம் 37,000 அடி. இயந்திரத்தில் எந்தப் பழுதும் இல்லை. ஆனால் தரையிலிருந்து அழைத்தவர்களுக்கு 77 நிமிடங்களாகப் பதில் வரவில்லை. கடத்தப்பட்டுவிட்டதோ என்ற அச்சத்தில் போர் விமானங்கள்கூடத் தயார்நிலையில் வைக்கப்பட்டன.

உண்மையில் நடந்தது என்ன? இரண்டு விமானிகளும் தத்தமது மடிக்கணினியைத் திறந்து, நிறுவனத்தின் புதிய பணிநேர அட்டவணை முறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வானொலி அலைவரிசையை மாற்ற வேண்டிய நேரம் கடந்துபோனது. இறங்க வேண்டிய நகரமும் கடந்துபோனது. "எத்தனை மணிக்கு இறங்குவோம்?" என்று பணிப்பெண் கேட்டபோதுதான் விழித்துக்கொண்டார்கள். அதற்குள் 100 மைல்களுக்கும் மேல் தாண்டியாயிற்று. விமானம் திரும்பி வந்து பத்திரமாக இறங்கியது. இருவரின் அனுமதிப்பத்திரங்களும் பறிக்கப்பட்டன.

இருவரும் அனுபவசாலிகள். தூங்கவில்லை, விளையாடவில்லை. பேசியதும் வேலை விடயம்தான். நாம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

கவனச்சிதறல் பழைய நோய். 1974இல் அமெரிக்காவின் ஷார்லட் நகருக்கருகே ஒரு விமானம் தரையிறங்கும் வேளையில் விழுந்து 70 பேருக்கு மேல் இறந்தார்கள். இறங்கும் நேரத்திலும் விமானிகள் அரசியலும் பழைய கார்களும் பேசிக்கொண்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. அதன்பின் 1981இல், புறப்படும்போதும் இறங்கும்போதும், 10,000 அடிக்குக் கீழேயும் வீண்பேச்சு கூடாதென்று விதி வந்தது. ஆனால் உயரத்தில் சீராகப் பறக்கும் நேரத்தை அந்த விதி தொடவில்லை. 188ஆம் விமானம் வழிதவறியது அந்த இடைவெளியில்தான். 2012இல் சட்டமும் 2014இல் விதியும் வந்து, பணியிலிருக்கும் விமானி சொந்தத் தேவைக்கு மடிக்கணினி, கைத்தொலைபேசி பாவிப்பதைத் தடைசெய்தன.

இனி நம் ஊருக்கு வருவோம். காலையில் பாடசாலை வாசலில் நாம் காண்பது என்ன? ஹெல்மட்டுக்குள் போனைச் செருகிப் பேசியபடி வரும் தகப்பன். முன்னாலும் பின்னாலும் இரண்டு பிள்ளைகள். "அவசர கோல் சேர்" என்கிறார்கள். அந்த விமானிகளுக்கும் அது அவசியமான பேச்சாகத்தான் பட்டது.

அவர்களுக்குத் திரும்பி வர வானத்தில் இடமிருந்தது. நம் ஒழுங்கையில் அது இல்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுவோம்.