சம்பளம் வாங்கியவரும் சுமை தூக்கியவரும்

திண்டுக்கல் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் படித்து நல்ல வேலையில் அமர்ந்த பிள்ளை, "வேலையை விட்டுட்டுக் கலையில இறங்கப் போறேன்" என்று சொன்னால் வீடு இரண்டுபடும். சம்பளம் இருந்தால்தான் யாருக்கும் வளையாமல் கலை செய்யலாம் என்பார் ஒருவர். சம்பளமே விலங்கு என்பார் இன்னொருவர். எழுத்தாளர்கள் சுஜாதாவையும் சி.சு. செல்லப்பாவையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டு வாதமும் ஆட்டம் காண்கின்றன.

சுஜாதா (1935–2008) குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் படித்தவர். விமானப் போக்குவரத்துத் துறையிலும், பிறகு பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸிலும் வேலை பார்த்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்குப் பங்கு உண்டு. ஓய்வு பெறும்வரை உத்தியோகத்தை விடவில்லை.

செல்லப்பா (1912–1998) சின்னமனூரில் பிறந்து வத்தலக்குண்டில் வளர்ந்தவர். காந்திய ஈடுபாட்டில் காகிதம் செய்யும் கைத்தொழில் கற்றார், சிறை சென்றார். தினமணி கதிரில் மாதச் சம்பளத்துக்கு இருந்தார். அதிலிருந்து வெளியே வந்தவர் 1959 ஜனவரியில் திருவல்லிக்கேணியில் 'எழுத்து' இலக்கிய இதழைத் தொடங்கினார். அவர் விட்டது பொறியாளர் வேலை அல்ல; ஆனால் விட்டபின் வரும் வாழ்க்கை எந்தத் தொழிலுக்கும் ஒன்றுதான்.

இனி ஒப்பீடு. எழுத்தை நம்பிச் சாப்பிட வேண்டிய அவசியம் இல்லாத சுஜாதா, குமுதம், ஆனந்த விகடன் போன்ற வார இதழ்களில் லட்சக்கணக்கானோருக்கு எழுதினார். வேறு வருமானம் இல்லாத செல்லப்பாவோ, 2000 பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்துவிட்டு இதழ் நடத்தினார். சமரசம் செய்ய வேண்டியிருந்தவர் செய்யவில்லை. ஒதுங்கி எழுத வசதி இருந்தவர் சந்தையின் நடுவில் நின்றார். ஆக, யாருக்காக எழுதுவது என்பதைச் சம்பளம் தீர்மானிக்கவில்லை. அவரவர் சுபாவம்தான் தீர்மானித்தது.

சம்பளம் தீர்மானித்தது வேறொன்றை: சுமை யார் தலையில் என்பதை. சுஜாதாவின் எழுத்தை அச்சிட்டு விற்கப் பத்திரிகைகளும் பதிப்பகங்களும் இருந்தன. அலுவலக அறிவே அவருக்கு அறிவியல் கதையாகவும் கட்டுரையாகவும் மாறியது. செல்லப்பாவுக்கு ஆசிரியர், பிழைதிருத்துபவர், பதிப்பாளர், விற்பனையாளர் எல்லாம் அவரே. தன் பதிப்பகமான 'எழுத்து பிரசுரம்' வெளியிட்ட புத்தகங்களைக் கட்டாகக் கட்டிச் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். மனைவியின் நகைகளும் இதழுக்குள் போயின.

பலன்? 119 இதழ்கள், 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தொகுத்த 'புதுக்குரல்கள்' (1962); இவற்றால் தமிழில் புதுக்கவிதை வேர்பிடித்தது. முதுமையில் தானே வெளியிட்ட 'சுதந்திர தாகம்' நாவலுக்கு 2001இல் சாகித்திய அகாதெமி விருது வந்தது; அப்போது அவர் இல்லை. தமிழில் அறிவியல் எழுத்தைப் பரவலாக்கிய சுஜாதாவின் பலனும் சிறியதல்ல. அதை அவர் உயிரோடு இருந்து பார்த்தார்.

வேலையை விட நினைப்பவர் திறமையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். இரண்டு கேள்விகள் போதும். உங்கள் வேலை எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது? பதில் 'நேரம்' மட்டும்தான் என்றால் சுஜாதாவின் வழியே நல்லது. தடுப்பது வேறு ஏதோ என்றால், அடுத்த கேள்வி: உங்கள் படைப்பைக் கட்டித் தோளில் சுமந்து, வாசல் வாசலாகப் போய் விலை சொல்லக் கூச்சம் இருக்கிறதா? இல்லையென்றால் வீட்டாரிடம் கணக்கைத் திறந்து காட்டி, அவர்கள் சம்மதத்தோடு இறங்குங்கள்.